ஒரு கட்டம் தள்ளி

அத்தியாயம் 9

அத்தான் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். மச்சானுக்கு அதைப் பார்த்ததும்தான் பயம் வந்தது.

பயப்பட வேறு காரணங்களும் இருந்தன. நேற்றுக் காலை ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் புது மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் மூன்று பேர் மாலைக்குள் சுருண்டு விழுந்தார்கள். ஓட்டுநர் போய்விட்டார். நெசவாளர் போய்விட்டார். நடத்துநர் போவதா இருப்பதா என்று முடிவு செய்யாமல் தீவிர சிகிச்சையில் கிடந்தார். மருந்தைப் பரிசோதித்தார்கள், சுத்தம். குழாய், ஊசி, பாட்டில் எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள், அவையும் சுத்தம். ஆகவே எவனோ உள்ளே புகுந்து விஷம் வைத்திருக்கிறான் என்று தீர்மானித்து வார்டுகளுக்குப் பொதுவான வாசலில் ஒரு காவலருக்கு நாற்காலி போட்டார்கள். காவலர் தூங்கினார். அந்தத் தூக்கத்திலும் ஒரு கலப்படம் இல்லை.

இன்று பெண்கள் வார்டின் முறை. ஒரு சுற்று தவறினால் அடங்கிய நோய் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால் மருந்தை நிறுத்தவும் வழியில்லை. அந்த வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தது மச்சானின் சொந்த அக்கா. அத்தானின் சொந்த மனைவியும் அவள்தான்.

துப்பறியும் நிலையம் நடத்துகிற அத்தானுக்கு இதுவரை எந்த வழக்கிலும் பொத்தான் இடம் மாறியதில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் நின்று தலை வாரிக்கொண்டவர் அவர்.

"அத்தான், பொத்தான்."

"என்ன பொத்தான்?"

"ஒண்ணும் இல்ல. ஃபேஷன்னு நினைச்சுக்கறேன்."

அத்தான் சிரிக்கவில்லை. புள்ளிவிவரப் பிரிவுக்குப் போகும் நடைபாதையில் நின்று, சட்டைப்பையிலிருந்த தாளைப் பிரித்தார்.

"மறுபடி பார். ஓட்டுநருக்கு அம்பத்தொண்ணு. நெசவாளருக்கு முப்பத்தொண்ணு. நடத்துநருக்கு அறுபத்தொண்ணு. எல்லா வயசும் ஒண்ணுல முடியுது."

"அக்காவுக்கு நாப்பத்தொண்ணு," என்றான் மச்சான்.

"தெரியும்."

"கொலைகாரனுக்கு ஜோசியத்துல நம்பிக்கை போல."

"அப்படின்னா அதே வார்டுல மீனவர் ஒருத்தர், அவருக்கும் முப்பத்தொண்ணு. சமையல்காரருக்கு அறுபத்தொண்ணு. ரெண்டு பேரும் இன்னிக்கு படுக்கையில உட்கார்ந்து பேப்பர் படிக்கறாங்க. அவங்களை ஏன் விட்டான்?"

மச்சானிடம் அதற்கு ஒரு ஜோக்கும் இல்லை. அவன் பிழைப்பே அதில்தான் ஓடியது என்பதால், அது கவலைக்குரிய நிலைமை.

புள்ளிவிவரப் பிரிவின் தலைவரை அந்தக் கட்டடம் முழுக்க 'பெரும்புள்ளி' என்றே அழைத்தது. முன்னால் சார் என்றும் முதுகுக்குப் பின்னால் அப்படியும். இவர்களை வழக்குக்குக் கூப்பிட்டவரே அவர்தான். இன்று வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"என் ரூம்ல உங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது? வெளியில தேடுங்க. சமையலறை, சலவை, பின்கேட். ஆள் அங்கதான் புகுந்திருக்கணும்."

"யாருக்கு எவ்வளவு மருந்துன்னு முடிவாகறது இங்கதானே சார்?" என்றார் அத்தான்.

"முடிவு பண்றது மென்பொருள். நான் கோப்பை உள்ள விடறதோட சரி. எடையைப் பார்த்து அது அளவு சொல்லும், மருந்தறையில நிரப்பி எண் மட்டும் ஒட்டி மேல அனுப்புவாங்க. யாருக்கு எவ்வளவுன்னு நர்ஸுக்கே தெரியாது. சோதனை மருந்துன்னா அப்படித்தான், யாரும் யார் பக்கமும் சாயக்கூடாது." பெரும்புள்ளி மார்பில் கை வைத்தார். "என் மாமனாரே நேத்து இங்கதான் ஏத்திக்கிட்டார். எழுத்தரா இருந்து ரிடையர் ஆனவர், எழுபத்தொரு வயசு. ஒரு தும்மல் கூட இல்ல. என் முறை மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

"எழுபத்தொண்ணு," என்று மச்சான் முணுமுணுத்தான். ஒன்றில் முடிகிற இன்னொரு வயது, உயிரோடு.

"என்னை டைரக்டர் கூப்பிட்டிருக்கார். பாக்கணும்னா பாருங்க, எதையும் தொடாதீங்க," என்று மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெரும்புள்ளி நடையைக் கட்டினார்.

அறையில் இரண்டு திரைகள். ஒன்றில் கோப்பு, இன்னொன்றில் அதைத் தின்று செரித்த மென்பொருளின் அட்டவணை. கோப்பைப் பார்த்ததும் மச்சானுக்குக் கண்ணைக் கட்டியது. ஒரு வரி ஒரு நோயாளி. முதலில் எண், பிறகு தொழில், கொஞ்சம் வெற்றிடம், பிறகு இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நடுவில் ஒரு கமா கூட இல்லை.

"இதுல எது எங்க முடியுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"இடக்கணக்கு," என்றார் அத்தான். "இத்தனையாவது இடத்துலேர்ந்து ரெண்டு வயசு, அடுத்த மூணு எடைன்னு ஒரு தடவை சொல்லி வெச்சுட்டா, ஒவ்வொரு வரியையும் அதே இடத்துல வெட்டிக்கும்."

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலா?"

"பாக்காம."

"கண்ணைக் கட்டிக்கிட்டுத் துணி வெட்டற டெய்லர். பேர் ஏன் இல்ல?"

"ரகசியம். அதனாலதான் தொழில் மட்டும்."

எங்கோ மேல்தளத்தில் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. மருந்து வண்டி கிளம்பிவிட்டது. அக்காவின் வார்டுக்கு வர அது இன்னும் இரண்டு அறைகளைத் தாண்ட வேண்டும். கவனத்தை வேறு பக்கம் திருப்ப மச்சான் பெண்கள் வார்டின் அட்டவணையை மேலும் கீழும் உருட்டினான். 'ஆசிரியை' என்ற சொல்லில் கண் நின்றது.

"அத்தான், அக்கா நூத்தி ஆறு கிலோவாம்."

"இதை அவகிட்ட சொல்லிடாதே."

"வயசு நாலாம்."

அத்தான் திரும்பினார்.

"நாலு. நாலு வயசுல டீச்சர் வேலை. நூத்தி ஆறு கிலோ." மச்சான் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான். ஆண்கள் வார்டின் அட்டவணைக்குத் தாவினான். ஓட்டுநர், வயது ஐந்து, எடை நூற்றைந்து. நெசவாளர், வயது மூன்று, எடை நூற்று நான்கு. நடத்துநர், வயது ஆறு, எடை நூற்றாறு. மீனவருக்கு மட்டும் முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே இருந்தது.

"இதை ஒருத்தரும் பாக்கலையா?"

"அளவுக்கு எடைதான் வேணும். வயசை யார் பாப்பாங்க?" அத்தான் கோப்பில் ஓட்டுநரின் வரியைத் தேடி விரலை வைத்தார். 51058. "இங்க சரியாத்தான் இருக்கு. அம்பத்தொண்ணு வயசு, அம்பத்தெட்டு கிலோ. இங்க சரி, அங்க தப்பு."

மச்சான் திரையைப் பார்க்கவில்லை. அத்தானின் சட்டையைப் பார்த்தான். மேல் பொத்தான் இரண்டாவது துளையில், இரண்டாவது மூன்றாவதில். எல்லாப் பொத்தானும் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தது, தவறான துளையில்.

"ஒரு இடம் தள்ளி வெட்டியிருக்கு," என்றான். "அஞ்சு ஒரு பக்கம் போயிடுச்சு. மீதியில முதல் மூணு, ஒண்ணு பூஜ்யம் அஞ்சு. நூத்தி அஞ்சு. வயசோட கடைசி இலக்கம் எடையோட தலையில ஏறி உட்கார்ந்துக்கிச்சு."

அத்தான் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். "வாயாடின்னு நினைச்சேன்," என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பாராட்டு அவ்வளவுதான்.

"அதனாலதான் ஒண்ணு," என்று அவரே தொடர்ந்தார். "ரெண்டுல முடிஞ்சிருந்தா இருநூறு கிலோன்னு மென்பொருள் கத்தியிருக்கும், கையால திருத்தியிருப்பாங்க. பூஜ்யத்துல முடிஞ்சா அஞ்சாறு கிலோ, அதுக்கும் கத்தும். ஒண்ணு மட்டும்தான் சத்தமில்லாம உள்ள போகும். ரெண்டு மடங்கு மருந்து."

"ஆனா மீனவருக்கு ஏன் தள்ளலை?"

பதில் பக்கத்து அறையிலிருந்து வந்தது, கையில் குறுக்கெழுத்துப் புத்தகத்தோடு. கோப்பை விசைப்பலகையில் அடித்த பதிவாளர் அந்த அம்மா. ஓய்வு நேரமெல்லாம் கட்டம் நிரப்புவதால் 'கட்டம்மா'. ஓய்வில்லாத நேரத்திலும் நிரப்புவார் என்று கேள்வி.

"என் கோப்புல தப்பா? வாய்ப்பே இல்ல தம்பி. தொழிலுக்குப் பன்னெண்டு கட்டம் ஒதுக்கச் சொன்னாங்க. எழுத்தெண்ணி அடிச்சேன். தச்சர்னா த, ச், ச, ர். நாலு. மீதி எட்டு கட்டம் காலி விட்டேன். எல்லா வரியும் அப்படித்தான்."

"குறுக்கெழுத்துல போடற மாதிரி."

"வேற எப்படிப் போடறது? புள்ளிக்குத் தனிக் கட்டமா கொடுப்பாங்க?"

அத்தான் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து 'தச்சர்' என்று அடித்தார். பிறகு பின்னழிப்பு விசையை ஒரே ஒரு முறை தட்டினார்.

திரையில் 'தச்சர' என்று நின்றது. எழுத்து அப்படியே இருந்தது. புள்ளி மட்டும் போய்விட்டது.

கட்டம்மாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"இது கொடுக்குது மேடம்," என்றார் அத்தான். "நமக்கு ர் ஒரு எழுத்து. இதுக்கு ர ஒண்ணு, புள்ளி ஒண்ணு. கால், கொம்பு, கொக்கி, சுழி எல்லாத்துக்கும் தனி இடம். கோப்புல முதல் வரி தச்சர். அதை வெச்சுத்தான் பெரும்புள்ளி வெட்டற இடத்தைக் குறிச்சிருக்கார். தச்சருக்கு ரெண்டு புள்ளி. மீனவருக்கும் ரெண்டு ஒட்டு, ஒரு சுழி ஒரு புள்ளி. அவர் தப்பிச்சார். சமையல்காரருக்கு நாலு. ரெண்டு இடம் தள்ளிப் போய் அறுநூறு கிலோன்னு கத்தியிருக்கும், அவரும் தப்பிச்சார்."

மச்சான் விரல் விட்டான். ஓட்டுநர்: ட்-டில் புள்ளி, டு-வில் சுழி, ர்-ரில் புள்ளி. மூன்று. நெசவாளர்: கொம்பு, கால், புள்ளி. மூன்று. நடத்துநர், மூன்று. ஆசிரியை. இரண்டு கொக்கி, ஒரு இரட்டைக் கொம்பு.

"மூணு," என்றான். மேலே சக்கரம் மறுபடி கிறீச்சிட்டு நின்றது. ஒரு அறை முடிந்துவிட்டது.

அத்தான் அதற்குள் தொலைபேசியில் பெரும்புள்ளியைப் பிடித்துவிட்டார். நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கடவுளே. நானே இப்பவே வார்டுக்குச் சொல்லி நிறுத்தறேன். நீங்க அங்கயே இருங்க. கோப்பைத் தொடாதீங்க."

மச்சான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். கொலைகாரன் என்று ஒருத்தன் கிடையாது. ஒரு புள்ளிதான் இரண்டு பேரைக் கொன்றிருக்கிறது, அதுவும் புள்ளிவிவரப் பிரிவில். வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பான்.

அத்தான் உட்காரவில்லை. பட்டியலை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எழுத்தர்," என்றார். "எழுபத்தொண்ணு. ழு-வுல சுழி, த்-ல புள்ளி, ர்-ல புள்ளி."

"மூணு. வயசும் ஒண்ணுல முடியுது."

"எடை அம்பத்துநாலு. மென்பொருள் எவ்வளவு படிச்சிருக்கணும்?"

"நூத்தி அஞ்சு."

"அம்பத்துநாலுன்னே படிச்சிருக்கு. வயசும் எழுபத்தொண்ணுன்னே இருக்கு. மேடம், எழுத்தருக்கு எத்தனை கட்டம் காலி விட்டீங்க?"

"அஞ்செழுத்து. மீதி ஏழு."

"இங்க ஆறுதான் இருக்கு."

கட்டம்மா பக்கத்து அறைக்கு ஓடி, தன் கணினியில் இருந்த மூலக்கோப்பைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எண்ணும் சத்தம் கேட்டது. "ஏழு. என்கிட்ட ஏழு இருக்கு. நான் கட்டத்துல தப்பு பண்ணமாட்டேன்."

மச்சானுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. எழுத்தரா இருந்து ரிடையர் ஆனவர். ஒரு தும்மல் கூட இல்லை.

"மாமனார்," என்றான். "மாமனார் வரியில மட்டும் ஒரு கட்டத்தை வெட்டி நேராக்கியிருக்கார். நேத்து மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே."

"ஆமா."

"தெரிஞ்சிருக்கு. மத்தவங்களை விட்டுட்டார்."

"மத்த வரியையும் திருத்தினா, தப்பு நடந்துச்சுன்னு ஆகும். இத்தனை பெரிய சோதனையே நின்னு போகும். ஒரு வரியைத் திருத்தினா யாருக்கும் தெரியாது." அத்தான் குரல் தாழ்ந்தது. "அப்புறம் ரெண்டு பேர் செத்ததும் ஒரு கொலைகாரன் தேவைப்பட்டான். தேடறதுக்கு நம்மளைக் கூப்பிட்டார். வெளியில தேடச் சொன்னார்."

அப்போது திரையில் ஒரு சிறு பெட்டி முளைத்தது. இந்தக் கோப்பு வேறோர் இடத்தில் மாற்றப்பட்டிருக்கிறது, புதிய வடிவத்தைக் காட்டவா என்று கேட்டது. அத்தான் ஆம் என்று தட்டினார்.

'ஆசிரியை' என்ற வரி ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது.

யாரும் தொடாத கோப்பு. மாடியில் எங்கோ ஓர் அறையில் பெரும்புள்ளி மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு வெற்றிடங்களை அழித்துக்கொண்டிருந்தார். ஆனால் பாட்டில் காலையிலேயே நிரப்பியாயிற்று. அது ஏற்கனவே வண்டியில் இருக்கிறது.

"அத்தான், அவர் வார்டுக்குப் போன் பண்ணியிருப்பாரா?"

பதிலைக் கிறீச்சென்ற சத்தம் சொன்னது. வண்டி அக்காவின் வார்டையும் முடித்துக்கொண்டு வெளியே உருண்டது.

மச்சான் ஓடினான்.

"டேய், பாட்டில் எண்ணைக் கேட்டுட்டுப் போடா," என்று பின்னாலிருந்து அத்தான் கத்தினார். எண் எதற்கு? ஆசிரியை, நாற்பத்தொன்று. கூடப் பிறந்தவனுக்கு இதற்கு மேல் அடையாளம் தேவையில்லை. படிகளில் கால் பின்னியது. எதிரே வந்த ஒரு சக்கர நாற்காலியைச் சுவரோரம் உரசித் தாண்டினான். காவலரைத் தாண்டும்போது அவர் விழித்து, யாரோ நல்லவன்தான் ஓடுகிறான் என்று முடிவு செய்து மறுபடி கண்ணை மூடினார்.

ஜன்னலோரக் கட்டில். அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். தலைக்கு மேல் பாட்டில் தொங்கியது. குழாயில் சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் பாய்ந்து குழாயில் சொட்டைக் கட்டுப்படுத்தும் உருளையைக் கட்டைவிரலால் தேய்த்து அடைத்தான். சொட்டு நின்றது. அவன் மூச்சும் கிட்டத்தட்ட நின்றது.

"என்னடா பண்ற? பைத்தியமா உனக்கு?" அக்கா எழுந்து உட்கார்ந்தாள். வகுப்பறைக் குரல். உடம்பில் ஒரு குறையும் இல்லாத குரல்.

"தலை சுத்துதா? நெஞ்சு அடைக்குதா?"

"உன்னைப் பார்த்தாத்தான் அடைக்குது. சிஸ்டர், இவனை வெளியே அனுப்புங்க."

"சிஸ்டர், கீழேயிருந்து போன் வந்துதா? நிறுத்தச் சொல்லி?"

நர்ஸ் விழித்தாள். "யாரும் பண்ணலையே."

"அக்கா, உனக்கு ரெண்டு மடங்கு மருந்து ஏத்தறாங்க. ஆசிரியை, வயசு நாப்பத்தொண்ணு, அந்த வரியில ஒரு கட்டம் தள்ளி..."

"எனக்கா நாப்பத்தொண்ணு?" அக்கா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். கணவன் இன்னும் வந்து சேரவில்லை. குரலைத் தணித்தாள். "முப்பத்தெட்டுன்னுதான் எழுதிக் கொடுத்தேன். நாலு பேர் பார்க்கற தாள்ல எதுக்கு உள்ளதைச் சொல்லிக்கிட்டு?"

முப்பத்தெட்டு. எட்டில் முடிகிற வயது. எண்ணூறு கிலோ என்று மென்பொருள் கத்தியிருக்கும். யாரோ கையால் திருத்தியிருப்பார்கள். அக்காவின் பாட்டிலில் அக்காவுக்கு உரிய அளவுதான் இருந்தது. அவள் பொய்தான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது.

"அப்போ நாப்பத்தொண்ணு யாரு? இந்த வார்டுல வேற டீச்சர் இருக்காங்களா?"

"இதோ, பக்கத்துல. பாட்டு டீச்சர். ஒளிவு மறைவே இல்லாத பொம்பளை, நாப்பத்தொண்ணுன்னு சத்தமா சொல்லியே எழுதினா. காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருந்தா, இப்பத்தான் அசந்து..."

அவன் திரும்பினான். ஒரு கட்டில் தள்ளி.

அந்தப் பெண் அசந்து தூங்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. விரல்கள் போர்வையின் நுனியைப் பிடித்துப் பிடித்து விட்டன. பாட்டிலில் கால்பங்கு இறங்கியிருந்தது.

மச்சான் அந்தக் குழாயைப் பிடித்தான். உருளை இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை அடைத்தான். நர்ஸ் ஊசியை உருவிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். மூச்சிரைக்க வந்து நின்ற அத்தான் பாட்டிலில் இருந்த எண்ணையும் உள்ளங்கையில் எழுதியிருந்த எண்ணையும் பார்த்தார். ஒன்றுதான். "எண்ணைக் கேட்டுட்டுப் போடான்னேன்," என்றார், கோபமே இல்லாமல்.

டாக்டர் வந்தார், மாற்று மருந்து வந்தது, திரை இழுக்கப்பட்டது. திரைக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் மூச்சுவிடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு நின்றார்கள். மச்சான் ஒரு ஜோக் தேடினான். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்போல இருந்தது. மூடிக்கொண்டான்.

வெகு நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு தேய்ந்த குரல் கேட்டது. "யாருங்க என் கையை இப்படிப் பிசையறது?"

டாக்டர் திரையை விலக்கித் தலையசைத்தார்.

அப்போதுதான் கட்டம்மா படியேறி வந்து சேர்ந்தார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"இன்னும் அழிச்சுக்கிட்டே இருக்கார். ஓட்டுநர் வரியையும் நேராக்கிட்டார். நெசவாளரையும். இப்போ செத்தவங்களுக்கும் எடை சரியா இருக்கு."

"பரவாயில்ல," என்றார் கட்டம்மா. குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை. "மூலக்கோப்பு என்கிட்ட இருக்கு. என் காலிக் கட்டம் ஒண்ணு கூடக் குறையல."

அத்தான் வாசலுக்குப் போய்க் காவலரின் தோளைத் தட்டி எழுப்பினார். "டைரக்டர் ரூம் எங்கன்னு தெரியுமா? அதுக்குப் பக்கத்துல ஒருத்தர் மடிக்கணினியோட இருப்பார். கையை அதிலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க." காவலர் முதல்முறையாக ஓடினார்.

திரும்பி வந்த அத்தான் கட்டிலோரம் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி போட ஆரம்பித்தார். மேல் பொத்தான் திரும்பவும் இரண்டாவது துளைக்கே போயிற்று.

அக்கா அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே கழற்றினாள்.

"கீழேயிருந்து போடணும்," என்றாள். "எத்தனை வருஷமா சொல்றேன்."

"எத்தனை வருஷம்?" என்றார் அத்தான். "கோப்புல இருக்கற முப்பத்தெட்டு வயசுக்குக் கணக்கு இடிக்குதே."

அக்கா நிமிர்ந்து தம்பியை முறைத்தாள். மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான்.